பெரியமேட்டு ஓவியக் கல்லூரி: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அண்ணன் மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று நிற்கிறாள், அது எப்படிப்பட்ட இடம், அதன் பின்னணி என்ன, பிள்ளைகள் அங்கே உண்மையில் என்ன செய்கிறார்கள், படித்து முடித்தால் பிழைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே படித்தவன், இப்போதும் அடிக்கடி போய்வருகிறவன். வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். அது தெரியாவிட்டால், அங்கே இன்று நடக்கும் படிப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்காது.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய அரசுப் பணி மருத்துவர் சென்னையில் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதோடு தொழிற்பிரிவு ஒன்றும் சேர்ந்தது. மட்பாண்டம், ஓடு, செங்கல், மரச்செதுக்கு அச்சு போன்றவை அங்கே கற்பிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. கல்கத்தா ஓவியப் பள்ளி 1854இலும் பம்பாயின் ஜே.ஜே. பள்ளி 1857இலும்தான் வந்தன. இந்தியாவில் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் கலைக் கல்லூரிகளில் மூத்தது நம்முடையதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

ஹண்டரின் நோக்கம் பெரிய ஓவியர்களை உருவாக்குவது அல்ல. அன்றாடம் புழங்கும் பொருள்களை நன்றாகச் செய்யத் தெரிந்த கைகளை உருவாக்கவே அவர் நினைத்தார். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இந்தியக் கைவினைப் பொருள்களைப் பார்த்து ஐரோப்பா வியந்தது. அதே காலத்தில் இங்கே ஆலைத் துணியும் இயந்திரப் பொருளும் வந்து இறங்கி, நெசவாளரையும் கம்மாளரையும் பட்டினி போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சூழலில் பிறந்த பள்ளி இது. பெயரிலேயே பல காலம் தொழில் என்பது இருந்தது. கல்லூரி என்ற பெயர் 1960களில்தான் வந்தது. ஹண்டருக்குப் புகைப்படக் கலையிலும் ஈடுபாடு அதிகம். 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கேமரா நம் நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த காலத்திலேயே இந்தப் பள்ளியில் அதைப் பற்றிய பேச்சு இருந்திருக்கிறது.

ஹண்டருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர்களில் ராபர்ட் சிஸ்ஹோமை நீங்கள் பெயரால் அறியாவிட்டாலும் அவர் கட்டியதைப் பார்த்திருப்பீர்கள். மெரினா எதிரே இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் அவருடையது. 1884இல் வந்த இ.பி. ஹாவெல் தென்னிந்தியக் கைத்தொழில்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர். இந்திய மாணவன் கிரேக்கச் சிலையின் வார்ப்பைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பதில் என்ன பயன் என்ற கேள்வி அவருக்குள் வளர்ந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். பிறகு அவர் கல்கத்தா ஓவியப் பள்ளிக்குப் போய், ஓவியர் அவனீந்திரநாத் தாகூரை அதற்குள் கொண்டுவந்தார். அதன் பலன் பின்னால் சென்னைக்கே திரும்பி வந்தது, சொல்கிறேன்.

அதற்கு முன் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியாளரான இவர் 1898இல் இந்த வளாகத்தில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையை ஆரம்பித்தார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளிடம் புதிய உலோகத்தைக் கொடுத்துப் பார்த்தார். அது பிடித்துக்கொண்டது, தனி நிறுவனமாகவே வளர்ந்தது. நம் வீட்டு அடுப்படிக்கு அலுமினியம் வந்து சேர்ந்த கதையில் ஓர் ஓவியப் பள்ளிக்கு இடம் உண்டு என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள்.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தார். அவனீந்திரநாத்தின் மாணவர், இந்தப் பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் ஆட்சிதான். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், வங்காளத்தில் கதை எழுதுவது என்று எதையும் விட்டுவைக்காத மனிதர். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது, காந்தி சிலையும் அவருடையதே. இரண்டும் 1959இல் அங்கே வந்தன. பாறையைப் புரட்டும் அந்த நால்வரின் உடம்புக்குக் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாடலாக நின்றார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் பிள்ளையைக் கூட்டிப்போய் அந்தச் சிலையின் பின்பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முதுகுத் தசைகளில் எடை எப்படி இறங்குகிறது, எந்தக் காலில் உடம்பு ஊன்றி நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் முதலாண்டுப் பாடத்தில் பாதி அதுதான்.

ராய் சௌத்ரியின் பெயருக்காகவே வெளியூரிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். 1943இல் உருவான கல்கத்தா குழு என்ற கலைஞர் அமைப்பைச் சேர்ந்த பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென், கோபால் கோஷ் மூவரும் சென்னையில் படித்தவர்கள். கேரளத்தின் நவீனக் கலைக்கும் இது தாய்வீடு. எம்.வி. தேவன், நம்பூதிரி, சிற்பி கானாயி குஞ்ஞிராமன் எல்லாரும் இந்த வளாகத்தின் வழியாக வந்தவர்களே.

அவருக்குப் பின் 1957இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தி அலுவலகத்திலும் காப்பீட்டிலும் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் இங்கே மாணவராகச் சேர்ந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954இல் ஐரோப்பா போய்க் கண்காட்சி வைத்துவிட்டுத் திரும்பியவருக்கு, நம் மண்ணிலிருந்து எழும் நவீன ஓவியம் எப்படி இருக்கும் என்பதே பெரிய தேடலாகிவிட்டது. 1963 வாக்கில் ஜாதகக் கட்டங்களும் எழுத்துகளும் கணக்குக் குறிகளுமாக நிறைந்த படங்களை வரையத் தொடங்கினார். அந்த எழுத்துகளை வாசிக்க முடியாது, பார்க்கத்தான் முடியும்.

ஆனால் மாணவர்களுக்கு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். படித்து முடித்த பையன்கள் வேலை இல்லாமல், படமும் விற்காமல், கிடைத்த குமாஸ்தா வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுவதைப் பார்த்தார். கைவினைப் பொருள் செய்து சம்பாதிப்போம், அந்தப் பணத்தில் படம் வரைவோம் என்றார். பாத்திக் துணிகள் (மெழுகு பூசிச் சாயம் தோய்ப்பவை) செய்து விற்ற பணத்தைச் சேர்த்து, ஆசிரியரும் மாணவர்களுமாக 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அன்று அங்கே மணலும் சவுக்கும்தான். கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு ஆரம்பித்த வாழ்க்கை. அரசு உதவியையோ புரவலரையோ நம்பி நிற்காமல், தங்கள் கைத்தொழிலால் ஓவியர்கள் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். ஹண்டர் நட்ட தொழிற்பிரிவும் ராய் சௌத்ரி வளர்த்த ஓவியமும் சேர்ந்து காய்த்தது அங்கேதான் என்பது என் கருத்து.

கல்லூரியைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமும் இதுவே. உலோகம் தட்டுபவர், களிமண் பிசைபவர், தறி ஓட்டுபவர், எண்ணெய் வண்ணம் பூசுபவர் எல்லாரும் ஒரே மதில் சுவருக்குள் இருந்ததால்தான் சென்னைக்கென்று ஒரு கலைப்பாணி வந்தது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் பாருங்கள். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் போல உலோகத் தகட்டைத் தட்டி, முன்பக்கம் மட்டும் முகம் காட்டும் உருவங்களைச் செய்தார். எஸ். நந்தகோபால் செம்பைப் பற்றவைத்துச் செய்தவையும் அந்த வழியில் வந்தவை. பட்டறையை ஒதுக்கிவைத்த கல்லூரியில் இப்படிப்பட்ட சிற்பம் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. ஓவியத்தில் இதற்கு இணையாகச் சொல்ல வேண்டியது கோடு. திருவண்ணாமலைக்காரர் ஏ.பி. சந்தானராஜ், கே.எம். ஆதிமூலம், கே. ராமானுஜம் ஆகிய மூவரின் கோடுகளும் முற்றிலும் வேறுவேறு. ஆனால் வண்ணம் இல்லாமலே படம் நிற்கும். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக வரைந்த கோட்டோவியங்களில் காந்தியின் முதுமையைச் சில கோடுகளிலேயே கொண்டுவந்துவிடுவார். ராமானுஜம் பேச்சு திக்கும் மனிதர். மையில் கனவு நகரங்களை வரைந்து குவித்துவிட்டு, 1973இல் இளம் வயதிலேயே போய்விட்டார். சிற்பி எஸ். தனபால் இங்கேயே மாணவராக இருந்து, ஆசிரியராகி, முதல்வராகவும் ஆனவர். அவர் செய்த பெரியார் தலைச்சிற்பம் அவசியம் பார்க்க வேண்டியது.

சரி, இன்றைய படிப்புக்கு வருவோம். நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பு, அதற்கு மேல் முதுகலை. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. வண்ணக்கலை, சிற்பம், அச்சுக்கலை, காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு என்று பிரிவுகள். முதலாண்டில் எல்லாரும் அடிப்படையைச் சேர்ந்து படிப்பார்கள். உங்கள் அண்ணன் மகள் வண்ணக்கலை என்று முடிவோடு வந்திருக்கலாம், சக்கரத்தில் மண்ணை வைத்துப் பார்த்த பிறகு மனம் மாறவும் கூடும். மாறினால் தடுக்காதீர்கள். பொதுவாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஓவியத்தை மேலாகவும் துணியையும் மண்ணையும் கீழாகவும் நினைக்கிறார்கள். கல்லூரிக்குள்ளேயும் சில மாணவர்களுக்கு அந்த எண்ணம் உண்டு. அது சரியில்லை என்பதற்கு இவ்வளவு நேரம் சொன்ன வரலாறே போதும்.

மாணவர் வாழ்க்கை என்றால் முதலில் மாடல் வகுப்பு. நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் பலகையும் காகிதமுமாகப் பிள்ளைகள். பெரும்பாலும் வயதானவர்கள், தினக்கூலிக்கு வந்து மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவர்கள். அவர்கள் முகச் சுருக்கத்தை வரைந்து வரைந்து கை பழகும். ஒரே முகத்தை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து வரைவதால், பக்கத்தில் இருப்பவர் படத்தை எட்டிப் பார்க்கும்போதே பாடம் நடந்துவிடும். ஆசிரியர் வருவார், பெரும்பாலும் அதிகம் பேச மாட்டார். உங்கள் கரித்துண்டை வாங்கி ஓர் ஓரத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போவார். பள்ளியில் பக்கம் பக்கமாக நோட்ஸ் எழுதிப் பழகிய பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் ஒன்றுமே சொல்லித் தரவில்லையே என்று தோன்றும். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணும் கையும் ஒன்றாகப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

இன்னொன்று, வெளியே போய் வரைவது. இந்தக் கல்லூரிக்கு இடம் அமைந்ததே பெரிய கொடுப்பினை. பெரியமேட்டில் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையமும் எழும்பூரும் பக்கம். மாணவர்கள் ஸ்கெட்ச் புத்தகத்தோடு சென்ட்ரலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மூட்டையில் சாய்ந்து தூங்குகிற குடும்பம், போர்ட்டர், ரயிலைத் தவறவிட்டவர் என்று அசைகிற மனிதர்களை நொடிகளில் பிடிக்க வேண்டிய பயிற்சி அங்கே கிடைக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் நடராசரை நம் பிள்ளைகள் நினைத்த மதியமெல்லாம் போய் வரைந்துவிட்டு வரலாம். இதை எல்லா மாணவர்களும் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்று கைபேசியில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைவது எளிதாகிவிட்டது. அதற்கும் இடம் உண்டு, ஆனால் அதையே பழக்கமாக்கிக்கொண்டால் கோடு செத்துவிடும்.

வளாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய செங்கல் கட்டடங்கள், பெரிய மரங்கள், பல தலைமுறை மாணவர்கள் செய்து நிறுத்திவிட்டுப் போன சிற்பங்கள். மரத்தடியில் உட்கார்ந்து நடக்கும் விவாதங்களுக்கு நேரங்காலம் கிடையாது. மூத்த மாணவர்களிடம் கற்பது வகுப்பில் கற்பதற்குக் குறைந்ததல்ல. காகிதத்தை எப்படி நனைத்து ஒட்டுவது, எந்தக் கடையில் எந்த வண்ணம் மலிவு, கான்வாஸை நாமே எப்படித் தைத்து இழுத்துப் பூச்சுப் பூசுவது என்பதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் வரும். ஆண்டு இறுதிக் காட்சி நெருங்கும்போது இரவெல்லாம் வேலை நடக்கும். சண்டையும் சமாதானமும் அப்போதுதான் அதிகம்.

மாணவர்களில் மிகப் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிய சுமை இல்லை. சுமை பொருள்களில் இருக்கிறது. நல்ல தூரிகை, எண்ணெய் வண்ணம், கான்வாஸ் எல்லாம் விலை ஏறிக்கொண்டே போகும் சாமான்கள். அதனால் படிக்கும்போதே சுவர் ஓவியம், திருமண மேடை அலங்காரம், சினிமா செட் வேலை என்று போய்ச் சம்பாதிக்கிறவர்கள் உண்டு. அளவோடு இருந்தால் நல்லது. அந்த வேலைகளில் கற்கும் வேகம் வகுப்பில் கிடைக்காது. அளவு மீறினால் வகுப்பே போய்விடும், அப்படிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளை என்பதால் தயக்கமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பல காலம் இது ஆண்கள் நிறைந்த இடமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்திலேயே கேரளத்திலிருந்து டி.கே. பத்மினி வந்து பணிக்கரிடம் படித்தார். 1969இல், முப்பது வயது ஆகும் முன்பே, பிரசவத்தின்போது இறந்துபோனார். அந்தச் சில ஆண்டுகளில் அவர் வரைந்துவிட்டுப் போன படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் அர்னவாஸ் என்ற பெண் ஓவியரும் இருந்தார். இன்று எல்லாப் பிரிவிலும் பெண்கள் இருக்கிறார்கள், கல் செதுக்குகிறார்கள், வெல்டிங் வைக்கிறார்கள். பெண்ணுக்குத் துணி வடிவமைப்புதான் சரி என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அவளுக்குப் பிடித்து அதை எடுத்தால் நல்லது, மற்றவர் சொல்லி எடுக்க வேண்டியதில்லை.

பிழைப்புக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், ஓவியம் மட்டுமே விற்று வாழ்கிறவர்கள் மிகக் குறைவு, அது அன்றும் அப்படித்தான். ஆதிமூலம், ரெட்டப்ப நாயுடு, வீர சந்தானம் போன்றவர்கள் கைத்தறித் துணிக்கு வடிவமைப்பு செய்துதரும் அரசு அமைப்பான நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்கள். காஞ்சிபுரத்துச் சேலையிலும் வீட்டுத் திரைச்சீலையிலும் நவீன ஓவியரின் கண் கலந்தது அப்படித்தான். சினிமாவுக்குப் போனவர்களில் கலை இயக்குநர்கள் தோட்டா தரணியையும் பி. கிருஷ்ணமூர்த்தியையும் எல்லாருக்கும் தெரியும். நடிகர் சிவகுமார் நடிக்க வருவதற்கு முன் இங்கே ஓவியம் படித்தவர் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுபத்திரிகை, பதிப்புத் துறையோடும் கல்லூரிக்குப் பழைய உறவு உண்டு. 1970களில் தமிழ்ப் புத்தக அட்டையின் முகமே மாறியதற்கு ஆதிமூலம் ஒரு பெரிய காரணம். ட்ராட்ஸ்கி மருது பத்திரிகைக் கோட்டோவியத்திலிருந்து அசைவூட்டம் வரைக்கும் போனார். இன்று அனிமேஷன், விளையாட்டு வடிவமைப்பு, விளம்பரம், ஏற்றுமதித் துணி நிறுவனங்கள், பள்ளி ஓவிய ஆசிரியர் பணி என்று வழிகள் கூடியிருக்கின்றன. காட்சித் தொடர்பும் துணி வடிவமைப்பும் படித்தவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கும். சிற்பமும் வண்ணக்கலையும் எடுத்தால் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் மனமும் வீட்டின் துணையும் வேண்டும். குடும்பமாக நீங்கள் பேசி முடிவெடுக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

சென்னைதான் வேண்டும் என்றில்லை என்றால் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் கோயில், ஐம்பொன் வார்க்கும் சுவாமிமலை பக்கம். மரபுச் சிற்பமும் கோயில் கட்டடக் கலையும்தான் மனதுக்குப் பிடித்தது என்றால் மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். அங்கே மரபு இலக்கணம் முதலில், சொந்தக் கற்பனை பிறகு. பெரியமேட்டில் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. உங்கள் பிள்ளையின் இயல்பு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்கு மதிப்பெண்ணோடு திறனறி தேர்வும் உண்டு, வரைந்து காட்ட வேண்டும். அதற்காகப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, இப்போதிருந்தே தினமும் நேரில் பார்த்து வரையச் சொல்லுங்கள். செருப்பு, குடம், தூங்குகிற பாட்டி, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள், எதுவானாலும் சரி. அச்சுப் படத்தைப் பார்த்து நகலெடுத்த நடிகர் முகங்கள் அவளிடம் நிறைய இருக்கும், எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். தேர்வில் அவை உதவாது. அப்புறம், விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் அவளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போங்கள், முடிந்தால் ஆண்டுக் காட்சி நடக்கும் சமயத்தில். மாணவர்களோடு அவளையே பேச விடுங்கள், நீங்கள் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். அங்கே யார் பக்கத்தில் போய் அவள் நீண்ட நேரம் நிற்கிறாள் என்று கவனித்தாலே எந்தப் பிரிவை முதல் விருப்பமாக எழுதலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.